வடிகட்டாத பல்கலைக்கழகம்

எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறதோ அவ்வளவுக்கு அது உயர்ந்த பல்கலைக்கழகம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரின் அரசுப் பல்கலைக்கழகம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியிருக்கிறது. 1914-ல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று ஏறத்தாழ 25,000 பேர் படிக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஹிஸ்பானியர்கள். பெரும்பாலும் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். விண்ணப்பித்தால் அநேகமாக இடம் கிடைத்துவிடும். எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரம். அங்கிருந்து விடிகாலையில் புறப்பட்டு, எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்று, ஆவணங்களைக் காட்டிவிட்டு வகுப்புக்கு ஓடி வருகிறவர்களும் உண்டு. வசதி குறைந்த மெக்சிகோ மாணவர்களிடம் டெக்சஸ்வாசிகளுக்கான கட்டணமே வாங்கப்படுகிறது.

இப்படி எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் ஆராய்ச்சி என்னவாகும்? டயானா நட்டாலிசியோ 1988-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது அங்கே முனைவர் பட்டப் படிப்பு ஒன்றுதான் இருந்தது. 2019-ல் அவர் ஓய்வுபெறும்போது 22. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கும் கார்னகி பட்டியலில் ஆராய்ச்சிக்கான முதல் வரிசையிலும் அதற்குள் இடம் கிடைத்துவிட்டது. அவரே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர். பள்ளி முடித்ததும் தொழிற்சாலை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். படிக்கிற பிள்ளைக்குச் சம்பாத்தியமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு மானியம் வரும்போது இளநிலை மாணவர்களுக்கும் ஆய்வகத்திலேயே சம்பளத்தோடு வேலை கிடைக்கிறது. மாலையில் பர்கர் கடை வேலைக்குப் போக வேண்டியிருந்த மாணவி, வளாகத்துக்குள்ளேயே முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முன் நின்று ஒரு பாகம் அடுக்கடுக்காக உருவாவதைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கையில் காசும் வருகிறது, படிப்பும் அறுந்துபோவதில்லை. அங்கே ஆராய்ச்சியும் திறந்த வாசலும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பேன்.

உள்ளே விடுவது சுலபம், முடித்து வெளியேறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுவோர் விகிதம் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களைவிட அங்கே வெகுவாகக் குறைவு. ஆனால் வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் அந்த விகிதம், முதல்முறையாகச் சேர்ந்து முழுநேரமாகப் படிக்கத் தொடங்கியவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. இரண்டாண்டுக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சேர்பவர் அதில் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருடத்தில் பட்டம் வாங்கியவர் அந்தக் கணக்கில் தோற்றவர். இதைச் சொன்ன பிறகும், கடனோடு பாதியில் நின்றுபோகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதை மழுப்பக் கூடாது. அவர்களுக்குத் தேவை உதவித்தொகையும், வளாகத்தில் வேலையும், வழிகாட்ட ஆளும். சேர்க்கையை இறுக்கினால் விகிதம் உயரும். ஆனால் அந்தப் பிள்ளைகள் கல்லூரிப் படியே ஏறியிருக்க மாட்டார்கள். வடிகட்டாமலேயே ஆராய்ச்சியின் முதல் வரிசைக்கு வந்த பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் மிகச் சிலவே. அரசுப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடங்கள் அவைதான்.