கடலில் கலக்கும் எண்ணெய்

2024ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எண்ணெய்க் கப்பல்மீது, தூர்வாரும் கப்பலொன்று மோதியது. ஏறத்தாழ 400 டன் எரியெண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடார் கரைகள் கறுத்தன.

எண்ணெய் நீரினும் இலேசானது. ஆதலின் மிதந்து பரவும். பறவையின் இறகில் அது படிந்தால் நீர் உட்புகும்; உடல் வெப்பம் குன்றிப் பறவை மடியும். அலையாத்தி மரங்களோ, சேற்றுக்கு மேல் நீட்டிய வேர்களால் மூச்சுவிடுகின்றன. அவ்வேர்களின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் பட்டுப்போகும்.

மணற்கரையில் எண்ணெய் படிந்த மணலை வாரி அகற்றலாம். அலையாத்திக் காட்டில் இறங்கி மிதித்தால், எண்ணெய் சேற்றுள் இன்னும் ஆழப் புகும். ஆகவே, எண்ணெய் வந்து சேருமுன்னரே மிதவைத் தடுப்புகளை இடுதல் வேண்டும். அவ்விபத்தின்போது செக் ஜாவா ஈரநிலத்தில் அவ்வாறே முன்கூட்டி இடப்பட்டன. தடுப்பு கையிருப்பில் இருத்தலும், இடுமிடம் முன்பே குறிக்கப்பட்டிருத்தலும், இடுவோர் பயின்றிருத்தலுமே வருமுன் காத்தலாகும்.