பக்கத்து மெஷினில் ஒரு காது: திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சி, பூண்டி, மன்னவனூர் பக்கம் வேலை என்றால் பெரும்பாலும் தோட்ட வேலைதான். பூண்டு, உருளை, கேரட் என்று பருவத்துக்கு ஏற்ப தினக்கூலி. கொஞ்சம் படித்த பிள்ளைகள் கொடைக்கானல் டவுனில் லாட்ஜ், கடை என்று சேருகிறார்கள். சிலர் மலையிறங்கி திண்டுக்கல் பக்கத்து மில்களுக்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. வேலை இடத்தில் ஒரு மனக்கஷ்டம் வந்தால் அதை யாரிடம் சொல்வது?

முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். சூப்பர்வைசரிடம் சொல்லலாம் என்றால் பல நேரம் பிரச்சினையே அவர்தான். வீட்டில் சொல்லலாமா? இந்த இடத்தில் குடும்பங்களாகிய நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மகள் வாய் திறந்த உடனே நம்மில் பலர் சொல்லும் பதில், "அப்படின்னா நாளையிலிருந்து நீ வேலைக்குப் போக வேண்டாம்" என்பதுதான். அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். வருமானமும் போய், பழியும் தன் மேல் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே வேலை இடத்திலேயே, கூட வேலை செய்கிறவர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களின் கவலையைக் கேட்கவும் வழிகாட்டவும் தயார்படுத்தும் முறை உலகின் பல இடங்களில் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பில் பெரிய குறைகள் இருந்தது அம்பலமான பிறகு, ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் 2015-ல் கொடுத்த அறிக்கையின் பேரில், ஊழியர்கள் பயமின்றிப் பேச உதவும் பொறுப்பாளர்களை மருத்துவமனைகள்தோறும் நியமித்தார்கள். அந்தப் பொறுப்பாளர்களுக்குத் துணையாக சாதாரண ஊழியர்களும் தொண்டர்களாகப் பயிற்சி பெறுகிறார்கள். அங்கே நர்ஸாகவும் டாக்டராகவும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்த விஷயம்.

ஆனால் இதற்காக இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதற்கு உலகம் கவனித்த ஒரு முன்மாதிரி இருக்கிறது. அது பிறந்த விதம்தான் மனதை உலுக்குகிறது.

2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதியில் உள்ள நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஜெயஸ்ரீ என்ற தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அதே தொழிற்சாலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அவர் தந்த தொந்தரவு பற்றி அந்தப் பெண் முன்பே தெரியப்படுத்தியிருந்ததாக உடன் வேலை செய்தவர்களும் குடும்பத்தினரும் சொன்னார்கள். அதன் பிறகு மற்ற பெண்களும் பேசத் தொடங்கினார்கள். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைக் கையில் எடுத்தது. ஆசிய தரைக்கூலி கூட்டணியும் ஒரு அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் கைகோர்த்தன. 2022 ஏப்ரலில், உற்பத்தியாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், துணி வாங்கும் எச் அண்ட் எம் பிராண்டோடும் உடன்பாடு கையெழுத்தானது; பின்னர் கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் அதில் சேர்ந்தன. இதைத்தான் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்கள். பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்க, ஆடைத் துறையில் பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆசியாவில் இதுவே முதல். இதற்கு முன் 2019-ல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில்தான் இப்படி ஒன்று நடந்திருந்தது.

இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று நாம் நினைப்பது பிராண்டுகளின் கையெழுத்தை அல்ல. தையல் லைன்களில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டு, சங்கத்திடம் பயிற்சி பெற்ற 'தள கண்காணிப்பாளர்கள்'தான் அந்த உயிர்நாடி. பெயர் கண்காணிப்பாளர் என்று இருந்தாலும் அவர்கள் அதிகாரிகள் அல்லர். நீங்கள் காலர் தைத்தால் அவர் கை தைப்பார். அதே டார்கெட், அதே மில் வேன், அதே சாப்பாட்டு நேரம். அதனால்தான் அவரிடம் பேச முடிகிறது. ஒரு கவலையைச் சொன்னால் முதலில் அந்த இடத்திலேயே தீர்க்கப் பார்ப்பார். தீராவிட்டால் சங்கமும் நிர்வாகமும் உட்காரும் கூட்டத்துக்குக் கொண்டு போவார். அங்கும் தீராவிட்டால் வெளியிலிருந்து வரும் நடுநிலையாளர்கள் விசாரிப்பார்கள். புகார் சொன்னதற்காகவோ, சொன்னவருக்குத் துணை நின்றதற்காகவோ யாரையும் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் ஆண்டு அறிக்கையின்படி 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. எல்லாமே பாலியல் தொந்தரவு பற்றியவை அல்ல. மற்ற வேலைப் பிரச்சினைகளும் அதில் வந்தன. சின்ன விஷயத்தைச் சொல்லப் பழகியவர்தான் பெரிய விஷயத்தையும் சொல்வார்.

இப்படிப்பட்ட தொண்டர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? முதல் பாடம் கேட்பது. கேட்கத் தெரியாதா என்று தோன்றும். உண்மையில் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, "அக்கா, அந்த ஆளு நேத்தும் அப்படித்தான் பேசினாரு" என்கிறாள். நம் வாயில் உடனே வருவது, "நீ ஏன்மா அவருகிட்ட போய் நின்னே?" அந்த ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். பயிற்சி பெற்றவர், "நல்ல வேளை சொன்னே. உட்காரு, மெதுவா சொல்லு" என்பார். குறுக்கே பேச மாட்டார், தன் கதையைத் தொடங்க மாட்டார், நடந்தது உண்மையா பொய்யா என்று தீர்ப்பும் சொல்ல மாட்டார். விசாரிப்பது அவருடைய வேலை இல்லை.

அடுத்தது, முடிவை அவள் கையிலேயே விடுவது. "என்ன நடக்கணும்னு நீ நினைக்கிறே?" என்று கேட்க வேண்டும். லைன் மாற்றினால் போதும் என்று ஒருத்தி சொல்வாள். எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பாள் இன்னொருத்தி. இப்போதைக்கு எதுவும் வேண்டாம், யாராவது கேட்டால் போதும் என்பாள் மூன்றாமவள். எந்த வழியில் போனால் என்ன நடக்கும் என்று விளக்கிச் சொல்லலாம், தள்ளிவிடக் கூடாது. தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைக் குறித்து வைக்கச் சொல்லலாம். நாளைக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் கை கொடுக்கும்.

பிறகு ரகசியம். ஒருவர் நம்பிப் பேசியது நம்மிடம் உள்ள அமானிதம். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுப்பது தவறு. உயிருக்கு ஆபத்து, தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை மீது பாலியல் குற்றம் என்றால் சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லையை முதலிலேயே தெரிவித்துவிட்டால் நம்பிக்கைத் துரோகம் என்ற பேச்சு வராது. இன்னொன்றும் உண்டு. தொண்டர் சமரசம் பேசி வைக்கக் கூடாது. "அவரும் பிள்ளைகுட்டிக்காரர், விட்டுவிடு" என்ற நம்மூர்ப் பஞ்சாயத்துப் பேச்சு எத்தனையோ பெண்களை ஊமையாக்கியிருக்கிறது.

நம் சமுதாயத்தில் ஒரு தயக்கம் தனியாக இருக்கிறது. மேலதிகாரியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வது புறம் பேசுவது ஆகாதா என்று மார்க்கப் பற்றுள்ள சகோதரிகள் கேட்கிறார்கள். ஆகாது. அநீதிக்கு ஆளானவர், அதைத் தீர்க்கக்கூடியவரிடம் முறையிடுவது புறம் என்ற பாவத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியிருக்கிறார்கள். ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் செலவுக்குப் போதுமான அளவு தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே முறையிட்டார்கள். அதை நபியவர்கள் கண்டிக்கவில்லை, தீர்வு சொன்னார்கள். அதே நேரம், கேட்டதை டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பரப்பினால் அது புறமேதான்.

தொண்டர்கள் கூடி நிற்பது என்றதும் நம் நினைவுக்கு வருவது ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன், ஏமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிய மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் பணம் தர மறுத்தார். வியாபாரிக்கு மக்காவில் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. அவர் முறையிட்டபோது, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். அதில் இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, இன்று அழைத்தாலும் போவேன் என்ற பொருளில் சொன்னார்கள். ஊர் விட்டு ஊர் வந்து மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணும் கிட்டத்தட்ட அந்த ஏமன் வியாபாரி போலத்தான், பேச ஆளில்லாதவள்.

இந்த ஏற்பாடு எளிதில் கெட்டும் போகலாம். தொண்டர்களை நிர்வாகமே தனக்கு வேண்டியவர்களாகப் பார்த்துப் போட்டால் அவர்கள் ஒற்றர்களாகிவிடுவார்கள். திண்டுக்கல்லில் அது ஓரளவு நடந்தேறியதற்குக் காரணம், பின்னால் ஒரு சங்கம் இருந்தது. மீறினால் பிராண்டுகளின் ஆர்டரே போய்விடும் என்ற அழுத்தமும் இருந்தது. வெறும் பயிற்சிச் சான்றிதழை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் பயன் இல்லை. தொண்டருக்கும் மனம் உண்டு. பத்துப் பேருடைய துக்கத்தைச் சுமப்பவர் இறக்கி வைக்கவும் ஓர் இடம் வேண்டும். மாதம் ஒருமுறை தங்களுக்குள் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல் பேசிக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல், ஷூ தொழிற்சாலைகளில் நம் சமுதாயத்தினர் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டு பிராண்டு வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காமல் இதைச் செய்வது அவர்களுக்குக் கஷ்டமான காரியமல்ல. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பயிற்சி பெற்ற தொண்டர் இந்தக் குழுவுக்கு மாற்று அல்ல, அதன் வாசல் வரை கூட்டிப் போகிறவர்.

சரி, கவுஞ்சியில் நாலு பேரோடு பூண்டு பிடுங்கும் பெண்ணுக்கு என்ன வழி? பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு உண்டு. அதற்காக மலையிறங்கி திண்டுக்கல் வரை போக வேண்டும் என்பதில்லை. வட்டார, தாலுகா அளவில் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமித்து, அவர் புகாரைப் பெற்று ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. இந்த நாலு விவரம் தெரிந்த பெண்கள் ஊருக்கு இரண்டு பேர் இருந்தாலே பெரிய காரியம். ஜமாஅத்துகள் பெண்கள் பயானுக்குப் பிறகு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். மற்ற சமுதாயச் சகோதரிகளையும் அழைக்கலாம். தோட்டத்தில் எல்லோரும் ஒரே வரப்பில்தானே நிற்கிறார்கள்.

அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181. மனச்சோர்வுக்கு டெலி மானஸ் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.