வாரம் ஒரு நாள் மாத்திரை: தினமும் சாப்பிட்டால் ஆபத்து!

பலமனேர் வட்டாரத்தில் இரத்தப் புற்றுநோய் என்றால் நம்மவர்கள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கோ, திருப்பதி சுவிம்ஸ் ஆஸ்பத்திரிக்கோ பஸ் ஏறுகிறார்கள். ஊசி மருந்து முடிந்ததும் மாத்திரைச் சீட்டுடன் வீடு திரும்புகிறார்கள். அதன் பிறகு மருந்து கொடுக்கும் பொறுப்பு வீட்டாருடையது.

நிணநீர் அணு வகை இரத்தப் புற்றுநோய்க்கு வழக்கமாக இரண்டு மாத்திரைகள் நீண்ட காலம் தரப்படுகின்றன. மெர்காப்டோப்யூரின் தினமும் சாப்பிட வேண்டியது. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை வேலை நிறுத்திவிடும். வாய்ப்புண், இரத்தக் கசிவு, கடும் தொற்று வரும், உயிரே போகலாம்.

ஆந்திரர் தந்த மருந்து

இந்த மருந்தை உருவாக்கிய அமெரிக்க லெடர்லே ஆய்வுக் குழுவின் தலைவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர்; சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இதே இன மருந்தைக் கொடுத்துக் குழந்தைகளின் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை டாக்டர் சிட்னி பார்பர் 1948-ல் வெளியிட்டார்.

தவறு நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. தினசரி சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால் 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமை புதிய எச்சரிக்கை விதிகளைக் கொண்டுவந்தது.

எப்படித் தவிர்ப்பது?

தெலுங்கில் 'வாரம்' ஏழு நாளையும் குறிக்கும். 'சோமவாரம்' என்பது போலக் கிழமையையும் குறிக்கும். ஆகவே, 'திங்கட்கிழமை மட்டும்' என்று கிழமையைச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். காலண்டரில் அந்த நாளை வட்டமிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவைப் பாருங்கள். 20 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரை 8. 10 மில்லிகிராம் மாத்திரையானால் 2 மட்டுமே. மறந்துபோனால் மறுமுறை இரட்டிப்பாக விழுங்கக் கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

வலி மாத்திரையோ, சத்து மாத்திரை என்று போலிக் அமிலமோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மாத்திரையைப் பொடிக்காதீர்கள். கர்ப்பிணிகள் தொட வேண்டாம். தொட்டவர் கையைக் கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வாய்ப்புண் வந்தாலோ, தவறுதலாகக் கூடுதல் மாத்திரை போனாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையுடன் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கூடுதலாகப் போனதற்கு மாற்று மருந்து உண்டு; எவ்வளவு சீக்கிரம் தரப்படுகிறதோ அவ்வளவு நல்லது. தவறைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரோ என்று மறைப்பதுதான் பெரிய தவறு.