கிக்கரில் கால் வைக்கும் முன்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றதும் வேகம்தான் ஞாபகம் வரும். ட்ரயல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மரியாதையே கிடையாது. பாசி பிடித்த பாறை, ஓடைப் படுகை, வேர் பின்னிய சரிவு, இவற்றின் மேல் வண்டியை நடத்திக்கொண்டு போகவேண்டும். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம், இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. வண்டி கவிழ்ந்தால் ஐந்து. கடைசியில் யாரிடம் புள்ளி குறைவோ அவருக்கு வெற்றி. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுற்றி ஆறு நாள் நடக்கும் போட்டிதான் இந்த விளையாட்டின் திருவிழா.

அந்தத் திருவிழாவில் 1965ஆம் ஆண்டு பிரிட்டிஷ்காரர்களின் பெருமைக்கு ஓர் அடி விழுந்தது. ஐந்நூறு சிசி ஏரியல் வண்டியில் பல ஆண்டுகள் கோலோச்சிய வட அயர்லாந்துக்காரர் சாமி மில்லர், ஸ்பெயினில் செய்த புல்டாகோ ஷெர்பா டி என்ற சின்ன வண்டியில் வந்து கோப்பையைத் தட்டிச் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் பார்சிலோனா பக்கம் போய், கம்பெனியைத் தொடங்கிய பிரான்சிஸ்கோ புல்டோவோடு சேர்ந்து அந்த வண்டியை வடித்தெடுத்திருந்தார். 244 சிசி, டூ ஸ்ட்ரோக், எடை ஏறத்தாழ 90 கிலோ. உள்ளே சுற்றும் சக்கரம் மட்டும் கனமானது. அதனால் ஆள் நடக்கும் வேகத்துக்கு இறங்கினாலும் இன்ஜின் அணைந்துபோகாது. உலக ட்ரயல்ஸ் பட்டம் 1975இல் தொடங்கியதிலிருந்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புல்டாகோவில் ஓட்டியவர்களுக்கே போனது. 1980களின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. வண்டிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொட்டகை கொட்டகையாகப் படுத்துவிட்டன.

இப்போது அவற்றில் ஒன்றை யாரோ வெளியே உருட்டிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூசி தட்டுகிறார், டயருக்குக் காற்றடிக்கிறார், டேங்கில் பெட்ரோல் ஊற்றுகிறார். அடுத்து எவருக்கும் வரும் ஆசை, கிக்கரை ஓங்கி ஒரு உதை விட்டுப் பார்ப்பது. முப்பது வருடம் சும்மா கிடந்ததால் ஆகாத சேதம் அந்த ஒரு உதையில் ஆகிவிடலாம்.

அதற்கான காரணம் டூ ஸ்ட்ரோக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தனியாக அடியில் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் எல்லாம். பெட்ரோல் பங்கில் மொபெட்டுக்கு 2டி ஆயில் சேர்த்து அடித்த தலைமுறைக்கு இது தெரிந்த விஷயம். அந்தக் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்குள் நுழைந்து, பேரிங்குகளை நனைத்துக்கொண்டு, பிறகுதான் மேலே எரியப் போகிறது. ஆகவே கிராங்க் அறையில் துருவோ தண்ணீரோ தங்கியிருந்தால், முதல் சுற்றிலேயே அது பேரிங்குக்குள் அரைபடும்.

முதலில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். அலுமினியத் துடுப்புகளுக்குள்ளே இருப்பது வார்ப்பிரும்பு போர். ஈரக் காற்று பட்டால் பிஸ்டன் நின்ற இடத்தில் வளையமாகத் துரு கட்டி, ரிங்கைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் இன்ஜின் ஜாம். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை. துரு இளக்கும் எண்ணெயைத் துளை வழியே ஊற்றிவிட்டு, நாள்கணக்கில் மறந்துவிடவேண்டும். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டவேண்டும். ஒரு நூல் அசைந்தால் போதும். மறுநாள் இரண்டு நூல் அசையும். இளகியதும் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றித் துடைத்துப் பார்க்காமல் ஓட்ட நினைப்பது என் கணக்கில் சோம்பேறித்தனம். ஒரு கேஸ்கெட் செலவோடு முடிகிற காரியம் அது.

அடுத்தது தீப்பொறி. இந்த வண்டியில் பேட்டரி கிடையாது. காந்தம் பதித்த சக்கரம் கம்பிச் சுருளைச் சுற்றி ஓடும்போது கரண்ட் பிறக்கிறது. சரியான நொடியில் ‘பாயிண்ட்’ என்ற சின்ன உலோக இணைப்பு திறந்து, அந்தக் கரண்டைப் பிளக்குக்கு விரட்டுகிறது. அந்தச் சக்கரத்தில் உள்ள ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பாயிண்ட் தெரியும். வருடக்கணக்கில் கிடந்ததில் அதன் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் பூத்திருக்கும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தப் படலம் போதும், கரண்ட்டை நிறுத்த. நைஸ் எமரித் தாளை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு, பிறகு வெள்ளைக் காகிதத்தை வைத்து இழுத்தால் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும்வரை இழுக்கவேண்டும். முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்து அளந்தது. இதற்கும் பொறி மஞ்சளாக மினுங்கினால் கண்டென்சர் போயிருக்கும். அதை மாற்றச் சக்கரத்தைக் கழற்றியாகவேண்டும். அதற்கென்று இருக்கும் புல்லரை வாங்கிக்கொள்ளுங்கள். தட்டிக் கழற்றுகிறேன் என்று போனவர்கள் கிராங்க் முனையை நசுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

கார்புரேட்டரில் ஆச்சரியம் ஏதும் இருக்காது. அடிக் கிண்ணத்தைக் கழற்றினால், ஆவியாகிப்போன பெட்ரோலின் மிச்சம் காய்ந்த பதநீர் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள பைலட் ஜெட்டை அடைக்க அதில் ஒரு துணுக்குப் போதும். ஜெட்டை ஊறவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்து, அளவு கெட்டுப்போகும்.

ஆபத்து உண்மையில் டேங்கில் இருக்கிறது. முற்கால ஷெர்பாக்களின் டேங்க் ஃபைபர் கிளாஸால் ஆனது. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்த பிசின் அது. இங்கிலாந்தில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. நம் ஊர் பங்குகளில் இப்போது இருபது. எத்தனால் அந்தப் பழைய பிசினை இளக வைக்கும். டேங்கின் உட்சுவர் கொழகொழவென்று கரைந்து, பெட்ரோலோடு ஜெட்டுக்கும் பிஸ்டனுக்கும் போய்ப் பசையாக ஒட்டிக்கொள்ளும். வண்டி நன்றாக ஓடும், நிறுத்துவோம், மறுநாள் பிஸ்டன் அசையாது. அதனால் உள்ளே எபாக்சிப் பூச்சு கொடுக்கிறார்கள், அல்லது அதே வடிவத்தில் அலுமினிய டேங்க் போட்டுக்கொண்டு பழையதைச் சுவரில் மாட்டிவைக்கிறார்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது டேங்கையே தொடாமல், ஒரு சின்ன பாட்டிலில் புதுப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து, ட்யூப் போட்டுத் தொங்கவிடுவது நல்லது. அந்த நாளில் லிட்டருக்கு 50 மில்லி ஆயில் கலந்தார்கள். இன்றைய நல்ல ஆயிலுக்கு 25 மில்லி போதும் என்பார்கள். முதல் பாட்டிலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் கிக்கர். இந்த வண்டியில் அது இடது பக்கம். வலதுகாலில் உதைத்துப் பழகியவர்கள் பலர் வண்டியை விட்டு இறங்கி, பக்கத்தில் நின்று உதைக்கிறார்கள். ஐந்தாறு உதையில் பட்பட்டென்று இரண்டு வெடி, பிறகு மௌனம், இன்னொரு உதையில் பிடித்துக்கொள்ளும். உடனே கொட்டகை முழுக்க வெண்புகை. பயப்பட வேண்டாம், சைலன்சருக்குள் பல காலமாக உறைந்து கிடந்த ஆயில் சூடு பட்டு எரிகிறது. பத்து நிமிடத்தில் அது தணிந்துவிடும்.

தணியாவிட்டால் கிளட்ச் பக்கம் பார்க்கவேண்டும். கிராங்கின் இரு முனையிலும் ஒரு ரப்பர் சீல் உண்டு. காய்ந்துபோன கிளட்ச் பக்கச் சீல் வழியாக அங்குள்ள ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். புகை நிற்கவே நிற்காது. காந்தச் சக்கரம் இருக்கும் பக்கத்துச் சீல் போயிருந்தால் புகையே வராது, காற்றைத்தான் உறிஞ்சும். கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறி, மறுபடி ஜாம். அதற்கு அறிகுறி காதுக்குத்தான் கிடைக்கும்: திராட்டிலை விட்ட பிறகும் இன்ஜின் இறங்கி வராமல், மேலேயே நின்று வீறிடும். அந்தச் சத்தம் கேட்டால் அப்போதே நிறுத்திவிட்டு, இரண்டு சீலுக்கும் ஆர்டர் கொடுக்கவேண்டியதுதான்.