வெண்கருக் கூடும் கனித்தட்டமும்

நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் நத்தார்ப் பண்டிகை நடுக்கோடையிலே வருகின்றது. வெளியே வெயில் எறிக்கும் வேளையில், ஐரோப்பாவின் பனிக்காலத்துக்கென அமைந்த கனத்த பழப்புடிங்கு எவர்க்கும் இதமாய் இருப்பதில்லை. ஆதலின் அந்நாட்டு இல்லங்கள் பலவற்றிலே விருந்து மேசையின் நடுவிடத்தைப் பிடித்துக்கொள்வது பவ்லோவா என்னும் இனிப்பாகும். முட்டையின் வெண்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டிலே காயவைத்தெடுத்த வெண்ணிற வட்டம்; அதன்மேல் அடித்த கிறீம்; கிறீமின்மேல் அந்தந்தப் பருவத்துப் பழங்கள். இவ்வளவே அதன் உடல். மேலோடு பல்லிலே நொறுங்கும். உள்ளீடு பஞ்சுபோல நெகிழும்.

பெரிய பவ்லோவா பார்வைக்கு அழகியதுதான். ஆனால் கத்தியை வைத்தவுடன் அவ்வழகு போய்விடும். ஓடு நொறுங்கும், கிறீம் வழியும், முதல் விருந்தினருக்கு ஒரு துண்டும் கடைசி விருந்தினருக்கு வெறுஞ் சிதறலும் கிடைக்கும். இக்குறையைத் தீர்க்கச் சமையல் வல்லோர் கண்ட வழி எளியது. ஒரு பெரிய வட்டத்துக்குப் பதிலாக உள்ளங்கையளவான சிறு கூடுகள் பத்துப் பன்னிரண்டைச் சுட்டு, அகன்ற தட்டமொன்றிலே பரப்பி, கிறீமையும் பழங்களையும் தனித்தனிக் கிண்ணங்களில் அருகே வைத்துவிடுவர். விருந்தினர் தாமே ஒரு கூட்டை எடுத்து, வேண்டியதை வேண்டிய அளவு நிரப்பி உண்பர்.

இவ்வினிப்பு எந்நாட்டுக்கு உரியது என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. அன்னா பவ்லோவா என்னும் உருசிய நடனமாது 1926 இல் இரு நாடுகளுக்கும் சென்று ஆடினார். அவர் பெயரைத் தாங்கி 1927 இல் நியூசிலாந்திலே வெளிவந்த குறிப்பு, பல நிறங்களில் அடுக்கிய ஜெலற்றின் களியைப் பற்றியது. வெண்கருவால் ஆகிய பவ்லோவா 1929 இல் அந்நாட்டு இதழொன்றிலே தோன்றியது. பேர்த் நகர விடுதியொன்றின் சமையற்காரரான பேர்ட் சாக்சே, 1935 இல் தாமே இதனைப் படைத்ததாகப் பிற்காலத்திலே கூறினார். ஒட்டாகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை எலன் லீச் பழைய சமையல் ஏடுகளைத் துருவி ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட நூலோ, சான்று நியூசிலாந்தின் பக்கமே மிகுதி எனக் காட்டிற்று. வெண்கருவைச் சீனியோடு சுடும் மெரிங் என்னும் கலை இவ்விரு நாட்டு வழக்குக்கும் நெடுங்காலம் முந்தியது. பிரெஞ்சுச் சமையல் நூல்களில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அப்பெயர் வந்துவிட்டது.

தமிழர்க்கு அந்நடனமாதின் பெயர் வேறொரு வழியாலும் அறிமுகமானது. 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, பவ்லோவாவோடு பழகி, அவர் தூண்டுதலாலேயே தம் நாட்டு ஆடற்கலையை நாடித் திரும்பினார் என்பர். ஓர் ஆடல் மங்கையின் பெயர் ஒரு கரையிலே இனிப்பாகவும் மற்றொரு கரையிலே பரதத்தின் மறுவாழ்வாகவும் நிலைத்தமை விந்தையே.

இனிச் செய்முறைக்கு வருவோர், முதலில் நுரையின் இயல்பை அறிதல் வேண்டும். வெண்கருவில் ஏறத்தாழப் பத்திலொன்பது பங்கு நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி புரதம். அடிக்கும்போது சுருண்டு கிடந்த புரத இழைகள் விரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி வலைபோல நிற்கின்றன. கொழுப்பு இவ்வலைக்குப் பகை. மஞ்சட்கருவின் சிறு துளி கலந்தாலும், பாத்திரத்திலே எண்ணெய்ப்பசை இருந்தாலும் நுரை செவ்வையாய் எழாது. பிளாஸ்டிக் பாத்திரம் எத்தனை கழுவினும் பசையை எளிதில் விடாதாகையால் கண்ணாடிக் கிண்ணமே நல்லது. முட்டை குளிர்ந்திருக்கும்போது கருக்களைப் பிரிப்பது எளிது. அறையின் வெம்மைக்கு வந்தபின் அடித்தால் நுரை நன்றாய் எழும். ஒவ்வொரு முட்டையையும் சிறு கோப்பையொன்றில் உடைத்துப் பார்த்தபின் பெரிய கிண்ணத்திற் சேர்ப்பவர், நான்காம் முட்டை பழுதாகி முன்னைய மூன்றையும் கெடுத்தது என்று வருந்த நேராது.

நான்கு வெண்கருவுக்கு 220 கிராம் பொடிச்சீனி போதும். முதலில் வெண்கருவை மட்டும் அடித்து, அது மென்மையான முகடுகளாய் எழுந்தபின் சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடித்தல் வேண்டும். தொடக்கத்திலேயே கொட்டினால் சீனி நீரைப் பற்றிக்கொண்டு நுரை எழுவதைத் தாமதப்படுத்தும். முறையாய்ச் சேர்த்தால் அதே சீனி நுரையைத் தாங்கி நிற்கும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். நுரை வெண்மையாய்ப் பளபளத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணி நிறுத்திவிடுகின்றனர். சிறிதளவை இரு விரல்களிடையே தேய்த்துப் பார்த்தல் வேண்டும். நறநறத்தால் சீனி இன்னும் கரையவில்லை என்பது பொருள். அதனை அப்படியே சுட்டால் கூட்டின்மேல் பாகுத் துளிகள் வியர்வைபோல அரும்பும். முற்றும் கரைந்தபின் ஒரு தேக்கரண்டி வினாகிரி அல்லது தேசிச்சாறும், இரண்டு தேக்கரண்டி சோளமாவும், சிறிது வனிலாவும் மெல்லக் கலந்துவிடலாம். புளிப்புப் பொருள் புரத வலை மிகையாய் இறுகி நீர் கக்காமற் காக்கும்.

கடதாசி விரித்த தட்டிலே பெரிய கரண்டியால் பன்னிரண்டு குவியல்களை இட்டு, கரண்டியின் முதுகால் நடுவைப் பள்ளமாக்கினால் கூடு உருவாகிவிடும். முன்னரே சூடாக்கிய போறணையில், 110 பாகை செல்சியஸ் அளவில், ஒன்றேகால் மணி நேரம் வரை வைத்தல் வேண்டும். உண்மையில் இது சுடுவதன்று, உலர்த்துவதே. கூடு கடதாசியை விட்டுத் தானே கழன்று வருமாயின் பதமாயிற்று. அதன்பின் சூட்டை நிறுத்திக் கதவைத் திறவாமல் உள்ளேயே ஆறவிடுவர். திடீர்க் குளிர் பட்டால் ஓடு வெடிக்கும்.

வெண்கருக் கூட்டுக்கு மிகப் பெரிய எதிரி காற்றின் ஈரம். சீனி ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நத்தார்க் காலத்தில் நியூசிலாந்திலே கோடை. அதே வேளையில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவமழை. காலையில் மொறுமொறுத்த கூடு மாலையில் விருந்தினர் வருமுன் பிசுபிசுத்துப் போவதற்கு இங்கே காரணம் சமையற்காரியின் கைக்குறையன்று, வானமே. இங்கே செய்ய முற்படுவோர், கூடுகள் ஆறியவுடனே காற்றுப் புகாத தகரப்பெட்டியில் இட்டு மூடிவிடல் வேண்டும். மூடிய பெட்டியில் அவை பல நாள் கெடாதிருக்கும். ஆதலால் மழையற்ற நாள் பார்த்து முன்கூட்டியே சுட்டு வைக்கலாம். தட்டத்திலே பரப்புவது விருந்தினர் கைகழுவும் வேளையில் நடந்தாற் போதும்.

கிறீமுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நூற்றுக்கு முப்பது பங்குக்குக் குறையாத கொழுப்பு உள்ளதே அடித்தால் நிமிர்ந்து நிற்கும். கிண்ணத்தையும் கிறீமையும் நன்றாய்க் குளிரூட்டி, சீனி சேர்க்காமல் அடிப்பதே முறை. கூட்டிலுள்ள இனிப்பே போதியது. மிஞ்சிய நான்கு மஞ்சட்கருக்களையும் எறிதல் ஆகாது. அவற்றோடு 100 கிராம் சீனியும், மூன்று நான்கு தேசிக்காயின் சாறும், 60 கிராம் பட்டரும் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்துக் கரண்டியிற் படியும்வரை கிளறினால் புளிப்பான குழைவொன்று கிடைக்கும். இனிப்பின் திகட்டலை வெட்டுவதற்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை.

பழத் தெரிவிலும் புளிப்புக்கே முதலிடம். அந்நாடுகளில் ஸ்ட்ரோபெரி, கீவிப்பழம், கொடித்தோடை ஆகிய மூன்றும் பெருவழக்கு. கீவிப்பழம் நியூசிலாந்துக்கு உரியதென்று பலர் கருதுவர். அது சீனத்துப் பழம். இசபெல் பிறேசர் என்னும் பள்ளித் தலைமையாசிரியை 1904 இல் அதன் விதைகளைச் சீனாவிலிருந்து கொண்டு வந்தார். 1959 இலேயே வணிகர் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டினர். கொடித்தோடை இலங்கையிலும் எளிதிற் கிடைப்பது. அதன் புளிப்புச் சாறு கிறீமோடு சேரும் பொருத்தத்தை ஒருமுறை சுவைத்தவர் மறவார். மாம்பழமும் நன்று. ஆனால் கீவி, அன்னாசி, பப்பாசி ஆகியவற்றின் பச்சைச் சாற்றிலே புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் உள்ளன. அவை கிறீமோடு நெடுநேரம் கலந்திருந்தால் கைப்புத் தட்டும். இவற்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்து உண்ணும் வேளையிலே சேர்ப்பது அழகுக்காக மட்டும் அன்று.

தமிழர் விருந்தோம்பலில் இலையிலே இடுபவர் வீட்டார். "போதும்" என்ற சொல்லைக் கேளாதவர்போல மேலும் ஒரு கரண்டி இடுவதே அன்பின் அடையாளம். அவ்வன்பு சிலருக்குத் துன்பமாவதும் உண்டு. மேற்சொன்ன அளவில் ஒரு கூட்டிலே ஏறத்தாழ 18 கிராம் சீனி, அதாவது நான்கு தேக்கரண்டிக்கு மேல் இருக்கின்றது. நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவர் விருந்துக்கு வந்தால், வேண்டாம் என்று மறுக்கவும் கூசுவார், உண்ணவும் அஞ்சுவார். தாமே எடுத்து நிரப்பும் தட்டத்தில் அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒரு கரண்டி பழமும் சிறிது கிறீமும் கிண்ணத்தில் இட்டுக்கொண்டு மற்றோரோடு பேசியிருக்கலாம். அவர் கூட்டை எடுக்காததை எவரும் கவனியார். குழந்தைகள் மூன்று கூட்டை எடுத்துவிடுவார்களே என்பது உண்மைதான். அதற்குத் தட்டத்தின் அருகே ஒரு பாட்டி இருப்பது உத்தமம்.

முட்டையை விலக்கும் சைவ இல்லத்தார்க்கும் இன்று வழியுண்டு. கொண்டைக்கடலை அவித்த நீர் வெண்கருவைப்போலவே நுரைக்கும் என்பதைப் பிரான்சு நாட்டவரான ஜோயல் ரோசெல் 2014 இல் கண்டு வெளியிட்டார். மறு ஆண்டில் அமெரிக்கரான கூஸ் வோல்ட், அந்நீரும் சீனியும் மட்டுமே கொண்டு மெரிங் செய்யலாம் எனக் காட்டினார். ஒரு வெண்கருவுக்கு இரண்டு மேசைக்கரண்டி நீர் கணக்கு. உப்பின்றி அவித்த நீரை முட்டை வெண்கருவின் தடிப்பு வரும்வரை வற்றவிட்டு, குளிரவைத்து, பத்து நிமிடத்துக்கு மேல் அடித்தல் வேண்டும். போறணைச் சூடு 100 பாகைக்கு மேற்படாமல், காலம் சற்று நீடித்தால் நன்று. கடலை வாசம் வனிலாவில் மறைந்துவிடும். இவ்வகைக் கூடுகளைத் தனித் தட்டத்திலே, பெயர் எழுதிய சிறு அட்டையுடன், வேறு கரண்டியும் சேர்த்து வைப்பது வீட்டாரின் கடமை.

உடைந்த கூடுகள் இருப்பின் அவற்றுக்கும் இடமுண்டு. அவற்றைக் கையால் நொறுக்கி, மிஞ்சிய கிறீமும் பழமும் சேர்த்துக் கோப்பையிலே கிளறி இட்டால், இங்கிலாந்தின் ஈற்றன் பள்ளியின் பெயரால் வழங்கும் கலவை ஆகிவிடும். அதனை அன்றிரவே உண்டு முடித்தல் வேண்டும். மறுநாள்வரை வைத்தால் கூடு கரைந்து பாகாகும்.