ஒலிபெருக்கிக்கு ஏற்ற துணை

பேனாவுக்கு மை வேண்டும். மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்படாத இத்தகைய பொருள்களைப் பொருளியலில் நிரப்புப் பண்டங்கள் என்பர். இவற்றில் ஒன்று பழுதானால், அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்பதை நம்மிடம் எஞ்சியிருக்கும் மற்றொன்றே தீர்மானிக்க வேண்டும். கல்லூரியில் பல ஆண்டுகள் நான் நடத்திய இந்தப் பாடத்துக்கு இப்போது என் வீட்டுக் கூடத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் கோடியக்கரையில் வசிக்கிறேன். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இம்முனையில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. 1980-களில் வாங்கிய என் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிபயர் உட்புறம் அரிக்கப்பட்டு ஓய்ந்துவிட்டது. மரப்பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஒலிபெருக்கிகளோ நன்றாகவே உள்ளன. அவற்றுக்குத் துணையாக, அதே காலத்து ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தேடி வருகிறேன்.

இந்தத் தேடல் என் ஒருவனுடையது மட்டுமாக இருக்காது. 1991-க்கு முன்பு மின்னணுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகளும் உயர்ந்த சுங்க வரியும் இருந்தன. அக்காலத்தில் கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் பெட்டிகள் ஒருபுறம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்த சான்சுய், பயனியர், அகாய் போன்ற ஜப்பானியப் பெட்டிகள் மறுபுறம். நாகூரிலும் முத்துப்பேட்டையிலும் இன்றும் சில வீடுகளின் பரண்களில் அவை இருக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடுவதா, மீட்பதா என்ற கேள்விக்கு விடை காண மூன்று எண்களைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, ஒலிபெருக்கியின் மின்மறுப்பு. பெட்டியின் பின்புறம் 4 ஓம், 8 ஓம் என்று அச்சிடப்பட்டிருப்பது இதுதான். ஓம் எண் பாதியானால், அதே மின்னழுத்தத்தில் ஒலிபெருக்கி இழுக்கும் மின்னோட்டம் இருமடங்காகும். எட்டு ஓமுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட ஆம்ப்ளிபயரில் நான்கு ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் அது சூடேறும். அதன் டிரான்சிஸ்டர்கள் கருகவும் கூடும். ஒரே ஆம்ப்ளிபயரில் இரண்டு ஜோடி எட்டு ஓம் ஒலிபெருக்கிகளை இணையாக ஒலிக்கவிட்டாலும் அது தாங்க வேண்டிய சுமை நான்கு ஓம்தான். எனவே, ஆம்ப்ளிபயரின் பின்புறம் குறித்துள்ள குறைந்தபட்ச ஓம், நம் ஒலிபெருக்கியின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பது முதல் நிபந்தனை.

இரண்டாவது, உணர்திறன். ஒரு வாட் ஆற்றல் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்பதே இதன் அளவு. நம் கோயில் திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். சில பத்து வாட் ஆற்றலிலேயே அது வயல்வெளி தாண்டி அடுத்த ஊர்வரை கேட்கும். அதன் உணர்திறன் நூறு டெசிபலுக்கு மேல். வீட்டு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 85 முதல் 92 டெசிபலுக்குள் அடங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் குறைவையும் ஈடுகட்ட இருமடங்கு ஆற்றல் தேவை. 92 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 10 வாட் போதுமானால், 86 டெசிபல் ஒலிபெருக்கி அதே அளவு ஒலிக்க 40 வாட் வேண்டும். ஆம்ப்ளிபயரின் வாட்டை மட்டும் பார்த்து வாங்குவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

மூன்றாவதாக வருவதுதான் அந்த வாட். என் ஒலிபெருக்கிகளின் உணர்திறன் 90 டெசிபல். கூடத்தில் அமர்ந்து நாகசுரம் கேட்க ஒரு வாட் அளவே போதும். ஆனால், தவில்காரர் ஓங்கி அடிக்கும் கணத்தில் சராசரியைப்போலப் பத்து மடங்கு ஆற்றல் தேவைப்படலாம். சற்றே இருப்பும் வைத்துக்கொண்டால் 30 வாட் எனக்குத் தாராளம். ஆற்றல் போதாத சிறிய ஆம்ப்ளிபயரை முழு ஒலியில் திருகினால், ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். அவ்வாறு வெட்டுப்பட்ட அலையில் மிகுந்துவிடும் உயர் அதிர்வெண் ஆற்றல், ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளைப் பொசுக்கிவிடும். பெரிய ஆம்ப்ளிபயரைவிட, திணறும் சிறிய ஆம்ப்ளிபயரே பல நேரங்களில் ஒலிபெருக்கிக்கு ஆபத்தானது.

சரி, பெட்டியில் அச்சிட்டுள்ள வாட்டை நம்பலாமா? 1990-களில் நம் கடைகளில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்ற ஒட்டுவில்லையுடன் சிறிய பெட்டிகள் குவிந்தன. கண நேர உச்சத்தை ஏதோ ஒரு கணக்கில் பெருக்கிச் சொல்லும் அந்த எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் இல்லை. இதற்கு முன்பே அமெரிக்காவில் இத்தகைய எண் போட்டி எழுந்தபோது, அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆம்ப்ளிபயரின் ஆற்றலை விளம்பரப்படுத்துவோர், தொடர்ந்து தரக்கூடிய வாட்டை, எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன் என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்றது அந்த விதி. அந்தச் சந்தையையும் கருதித் தயாரான 1970-களின் ஜப்பானியப் பெட்டியில் காணும் 30 வாட், பிற்காலத்து ஆயிரம் வாட்டைவிட நம்பத்தக்கதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எண் நேர்மையானதாக இருந்தாலும், நாற்பது ஆண்டுப் பொருளின் உடல்நிலை விற்பவருக்கு மட்டுமே தெரியும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பழைய கார் சந்தையைக் கொண்டு இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வை விளக்கினார். நல்லதையும் பழுதானதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை விற்க மனமில்லாதோர் விலகுவர். சந்தையில் பழுதே மிஞ்சும். 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொள்ளக் காரணமான கருத்து இது. பழைய ஆம்ப்ளிபயர் சந்தைக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதற்கு மருந்து, சோதித்து வாங்குவதே. ஒலிபெருக்கியை இணைக்கும் முன் ஆம்ப்ளிபயரின் வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். வோல்ட் கணக்கில் வந்தால் அது ஒலிபெருக்கியைக் கருக்கிவிடும். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரப்பு எழுந்தால், பெரும்பாலும் தூசியும் களிம்பும்தான் காரணம். சுத்தம் செய்தால் சரியாகும். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுச் சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். ஜப்பானின் உள்நாட்டுப் பெட்டி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கும் உரியவை. வோல்ட் மாற்றும் வசதியோ தனி டிரான்ஸ்ஃபார்மரோ இன்றிச் செருகினால் அவை எரிந்துபோகும்.

விலை பேசும்போது இன்னொரு கணக்கும் தேவை. மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று அழைக்கும் மின்தேக்கிகளில் மின்பகு திரவம் கொண்டவை நாற்பது ஆண்டுகளில் உலர்ந்துபோகும். அவற்றை மாற்றும் செலவை இப்போதே விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை அதே தரமுள்ள புதிய ஆம்ப்ளிபயரின் விலையைத் தாண்டினால், புதியதை வாங்குவதே அறிவுடைமை. ஒலிபெருக்கிகளுக்கு அன்று கொடுத்த பணம் மூழ்கிய செலவு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. அவை இன்று எப்படி ஒலிக்கின்றன என்பதே கணக்கு.

இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுத் தந்தவர்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று, தகவல் இடைவெளியை நிரப்பிய நடுநிலையாளர்கள் அவர்கள். டெல்டாவின் கடைத்தெருக்களில் அவர்களது கடைகள் இருந்த இடங்களில் இன்று கைப்பேசிக் கடைகள் நிற்கின்றன. மத்திய நுகர்வோர் நலத் துறை 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. பழுது பார்க்கும் கை இல்லாவிட்டால் அந்த உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். தொழிற்பயிற்சி நிலையங்கள், எஞ்சியுள்ள மூத்த மெக்கானிக்குகளைப் பகுதிநேரப் பயிற்றுநர்களாக அமர்த்தி இளைஞர்களுக்கு இக்கலையைக் கற்பிக்கலாம். ஒலிக்கருவிகளின் தொடர் ஆற்றலையும் ஓம் அளவையும் பெட்டியில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கலாம். இவ்விரண்டும் நடந்தால், வாழ வேண்டிய பொருள்கள் குப்பைக்குப் போகாமல் வீடுகளில் இன்னும் சில பத்தாண்டுகள் ஒலிக்கும்.