பாதையின் பலம் அடிமண்ணில்

வெலிமடையில் விளையும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறிகளில் போவதை நாம் காண்கிறோம். ஒரு லொறி ஒருமுறை போவதால் பாதை பழுதாவதில்லை. திரும்பத் திரும்ப ஏறும் பாரமே அதைப் பழுதாக்குகிறது.

மேலே தார், அதன் கீழ் கல், கிறவல், அடியில் இயற்கை மண். சக்கரத்தின் பாரத்தை ஒவ்வொரு படையும் பரப்பிக் கீழே இறக்குகிறது. அப்போது மண் அமிழ்ந்து எழும். முழுமையாக எழாத சிறு மிச்சமே நாளடைவில் பள்ளமாகிறது. நீர் ஊறினால் இன்னும் விரைவில் அமிழும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த வீதிப் பரிசோதனையிலிருந்து, அச்சுப்பாரம் இருமடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று கணித்தார்கள்.

ஊர்விட்டு வந்து புதுநிலத்தில் பயிரிடுவோருக்குப் பாதை உடைந்தால் விளைச்சல் சந்தை சேராது. ஆகவே, லொறியில் அளவுக்கு மிஞ்சி ஏற்றாதிருப்போம். மழைக்கு முன்பே வடிகானைத் துப்புரவாக்குவோம்.